நெற்றிக் காயத்துக்குத் தையல் போடாமல் பசை ஒட்டியிருக்கிறார்கள், எண்ணெய் தடவலாமா?

கொங்கு_அம்மா
நேற்று சாயங்காலம் நாலு வயசுப் பையன் கட்டில் முனையில் மோதி நெற்றி பிளந்துவிட்டது. கேஷுவால்ட்டியில் டாக்டர் சலைன் விட்டுக் கழுவி, காயத்தின் இரண்டு ஓரத்தையும் விரலால் சேர்த்துப் பிடித்து, மேலே ஊதா நிறத்தில் ஏதோ பசையைத் தடவிக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார், அவ்வளவுதான், ஊசியும் இல்லை நூலும் இல்லை. "இது ஃபெவிக்விக்தானே, இதுக்கா ஆஸ்பத்திரி" என்கிறார் மாமியார். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வேறு குழைத்து வைத்திருக்கிறார். தடவலாமா? குளிப்பாட்டலாமா?

நைட்_ஷிப்ட்_நர்ஸ்
எண்ணெய் வேண்டவே வேண்டாம் அக்கா. எண்ணெய், வாஸ்லின், ஆயின்ட்மென்ட் எது பட்டாலும் பசை இளகிக் காயம் வாய் திறந்துவிடும். மஞ்சளும் வேண்டாம். லேசாகத் தண்ணீர் படலாம், தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். ஐந்திலிருந்து பத்து நாளில் தானாக உரிந்து விழும், பையன் நோண்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சிவந்து வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, காயம் பிரிந்தாலோ உடனே காட்டுங்கள்.

மாமியார் சொன்னதும் முழுத் தப்பு இல்லை, இரண்டும் சயனோஅக்ரிலேட் என்கிற ஒரே ரசாயனக் குடும்பம்தான். ஆனால் கடையில் கிடைப்பது எத்தில் வகை. ஒட்டும்போது சூடு கிளப்பும், உடம்பில் சீக்கிரம் சிதைந்து ஃபார்மால்டிஹைடு என்கிற நச்சு ரசாயனத்தை விடும், சதையைப் புண்ணாக்கும், கிருமி நீக்கியதும் கிடையாது. ஆஸ்பத்திரியில் போடுவது ஆக்டில் அல்லது பியூட்டில் வகை, மெதுவாகத்தான் சிதையும். அதையும் காயத்துக்கு உள்ளே விடமாட்டோம், தோலின் மேல்தான். முழங்கால், முழங்கை மாதிரி இழுபடுகிற இடம், நாய்க்கடி, அழுக்கேறிய காயம் இதற்கெல்லாம் பசை சரிப்படாது.

ரிட்டயர்ட்_கெமிஸ்ட்ரி_வாத்தியார்
1942-ல் கோடாக் கம்பெனியில் ஹாரி கூவர் துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது அகப்பட்ட சாமான் இது, தொட்டதெல்லாம் ஒட்டுகிறதே என்று ஓரங்கட்டிவிட்டார்கள். அப்புறம் வியட்நாம் போரில் அடிபட்ட சிப்பாய்களை ஆஸ்பத்திரி சேர்க்கும்வரை ரத்தத்தை நிறுத்த ஸ்ப்ரேயாக அடித்தார்கள். தோல் காயத்துக்கான ஆக்டில் வகைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1998-ல்தான்.

திருச்சி_ராக்போர்ட்
எங்க அப்பாவுக்கு ஈரல் கெட்டு, இரைப்பையில் புடைத்திருந்த ரத்தக்குழாய் வெடித்து ரத்த வாந்தி. எண்டோஸ்கோபி வழியாக அந்தக் குழாய்க்குள்ளேயே க்ளூ ஊசி போட்டார்கள், ரத்தம் பட்டதும் சில நொடியில் கல்லாக இறுகி அடைத்துக்கொள்ளுமாம். ரத்தம் நின்றது. ஆனால் ஈரல் ஈரல்தான், மாத்திரையும் செக்கப்பும் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

கண்ணாடிக்காரன்
எனக்குக் கண்ணில் சதை வளர்ந்து ஆபரேஷன் செய்தபோது ஒட்டியது ஃபைப்ரின் பசை. அது வேறு ஜாதி, மனித ரத்தத்தை உறைய வைக்கிற ஃபைப்ரினோஜன், த்ராம்பின் என்கிற இரண்டு புரதங்களும் தனித்தனியாக இருக்கும், கலந்தால் ரத்தம் உறைகிற மாதிரியே உறையும். தையல் உறுத்தல் இல்லை, விலைதான் கூட.

கொங்கு_அம்மா
எல்லோருக்கும் நன்றி. எண்ணெய்க் கிண்ணம் உள்ளே போய்விட்டது. பசையில் நாலைந்து முடி மாட்டியிருக்கிறது, மெதுவாக இழுத்து எடுக்கலாமா?

நைட்_ஷிப்ட்_நர்ஸ்
இழுக்காதீர்கள். பையன் தூங்கும்போது கத்தரியால் முடியை மட்டும் வெட்டிவிடுங்கள், பசையோடு மிச்சம் உதிர்ந்துவிடும்.