1981 பாலி பின்பால்: எந்தப் பாகத்தை எதால் துடைப்பது?

கேள்வி (வெள்ளிப்பந்து):
பாலி கம்பெனியின் ‘எய்ட் பால் டீலக்ஸ்’, 1981 மாடல் பின்பால் (சாய்ந்த பலகையில் உலோகப் பந்தை ஓடவிட்டு ஆடும் விளையாட்டு). பல வருடம் ஓடாமல் கிடந்த மெஷின். பிளேஃபீல்டு (பந்து ஓடும் பலகை) முழுக்கக் கறுப்புத் தூள், ரப்பர் வளையங்கள் வெடித்திருக்கின்றன, ஃபிளிப்பர் (பந்தை அடிக்கும் துடுப்பு) மந்தமாக எழுகிறது. ஆல்கஹாலும் மேஜிக் ஸ்பாஞ்சும் போட்டுத் தேய்த்தால் புதுசு போல ஆகிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். பெயின்ட் போய்விடாதா? எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

திருகாணி:
மேஜிக் ஸ்பாஞ்சை இப்போதைக்குத் தொடாதீர்கள். அது மெலமைன் நுரை. பார்க்கத்தான் மெத்தென்று இருக்கும், வேலை செய்வது மெல்லிய உப்புத்தாள் மாதிரி. 1981 பிளேஃபீல்டின் மேல் இருப்பது லேசான லாக்கர் பூச்சு. ஆல்கஹால் அதை இளக்கும், நுரை சுரண்டும், அடுத்த தேய்ப்பில் நிறமும் வந்துவிடும். தடிமனான கிளியர்கோட் (நிறமற்ற கெட்டிப் பூச்சு) உள்ள பிற்கால மெஷின்களுக்குச் சொன்ன வழி அது.

உங்களுக்கு நாப்தா போதும். சிகரெட் லைட்டரில் ஊற்றும் திரவம் பெரும்பாலும் அதுதான். முதலில் தூளை வாக்குவம் செய்யுங்கள், அப்படியே துடைத்தால் தூளே கீறும். பிறகு மைக்ரோஃபைபர் துணியில் கொஞ்சம் நாப்தா நனைத்து, உள்ளங்கை அளவு இடமாகத் துடையுங்கள். துணி கறுத்ததும் மடித்துச் சுத்தமான பக்கம் எடுங்கள். பெயின்ட் தேய்ந்து மரம் தெரியும் இடத்தில் தண்ணீர் படவே கூடாது. மர இழை உப்பிவிடும். கறை போனதும், பூச்சு முழுசாக உள்ள இடத்தில் மட்டும் நோவஸ் 2 பாலிஷ். விரிசல் விழுந்த லாக்கரில் போட்டால் வெடிப்புக்குள் வெள்ளையாகத் தங்கிவிடும். கடைசியில் கார்னௌபா மெழுகு. இன்செர்ட் (பலகையில் பதித்த, விளக்கொளி தெரியும் பிளாஸ்டிக் துண்டு) ஏதாவது ஆடினால் பாலிஷுக்கு முன்பே ஒட்டிவிடுங்கள். டச்-அப் பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் அதுவரை மெழுகும் வேண்டாம், மெழுகின் மேல் பெயின்ட் பிடிக்காது.

நாப்தா ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, நைட்ரைல் கையுறை போட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள். பக்கத்தில் கேஸ் ஹீட்டர் எரியக் கூடாது.

அச்சிட்ட பிளாஸ்டிக்குகளில் மை அடிப்பக்கம் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, மெத்தென்ற துணி, அவ்வளவுதான். மைப்பக்கம் ஆல்கஹால் படக் கூடாது. பேக்கிளாஸ் (மெஷினின் மேல்பெட்டியில் உள்ள படக் கண்ணாடி) என்றால் முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடையுங்கள். பின்பக்கப் பெயின்ட் உரிந்துகொண்டிருந்தால் விரல்கூட வைக்காதீர்கள்.

ரப்பரைக் கழுவுவது வீண் வேலை, முழு செட்டையும் மாற்றுங்கள். பந்தும் புதுசு (27 மி.மீ., 80 கிராம்). குழி விழுந்த பந்தை மறுபடி போட்டால் நீங்கள் பாலிஷ் செய்ததையெல்லாம் அதுவே அரித்துவிடும்.

ஈயப்பற்று:
துடைக்கிறதுக்கு முன்னாடி பேக்பாக்ஸை (போர்டுகள் இருக்கிற மேல்பெட்டி) திறந்து பாருங்க. சி.பி.யு. போர்டுல 3.6 வோல்ட் நிக்கல்-கேட்மியம் பேட்டரி சால்டர் பண்ணி இருக்கும். பல வருஷம் கிடந்த மெஷின்னா அது ஒழுகியிருக்க வாய்ப்பு அதிகம். பிளேஃபீல்டு காத்திருக்கும், பேட்டரியில இருந்து ஒழுகுற காரம் காத்திருக்காது. செம்புத் தடத்தையும் கனெக்டர் பின்னையும் தின்னுக்கிட்டே போகும்.

பவரை நிறுத்தி உடனே கை வைக்காதீங்க. டிஸ்ப்ளேக்கு 190 வோல்ட் வரைக்கும் போகும், அந்தக் கெப்பாசிட்டர்ல மின்னூட்டம் தங்கும். போர்டைக் கழட்டி பேட்டரியை வெட்டி எடுங்க. வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து பழைய டூத் பிரஷ்ல தேய்ங்க. நல்ல தண்ணியில அலசி, 99% ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் ஊத்திக் காயவிடுங்க. பச்சை படிஞ்ச தடத்தைப் பளபளக்கிற செம்பு தெரியுற வரை சுரண்டினாத்தான் சால்டர் பிடிக்கும்.

பதிலுக்கு லித்தியம் பேட்டரி போடுறீங்கன்னா தடுப்பு டையோடு கட்டாயம். இல்லேன்னா போர்டு அதைச் சார்ஜ் பண்ணப் பார்க்கும், வெடிக்கலாம். 5101 ரேம் (நினைவகச் சிப்) இடத்துல என்.வி.ரேம் (மின்சாரம் இல்லாமலும் நினைவு வெச்சுக்கிற சிப்) போட்டா பேட்டரியே தேவையில்ல. எனக்கு அதுதான் சரின்னு படுது. மாட்டின பிறகு போர்டுல உள்ள எல்.இ.டி. லேசா மினுக்கிட்டு ஏழு தடவை மின்னணும்.

வெள்ளிப்பந்து:
பேட்டரியின் ஒரு முனையில் பச்சை இருக்கிறது, இன்றே வெட்டிவிடுகிறேன். ஃபிளிப்பருக்கு டபிள்யூ.டி.-40 அடிக்கலாமா?

திருகாணி:
வேண்டவே வேண்டாம். பிளன்ஜர் (ஃபிளிப்பரை இழுக்கும் இரும்புத் தண்டு) நைலான் ஸ்லீவுக்குள் (உறைக்குள்) உலர்ந்தேதான் ஓட வேண்டும். எண்ணெய் தூளைப் பிடித்துப் பசையாகிவிடும். சுவிட்ச் பொறி அடிக்கும் இடத்தில் தீ அபாயம் வேறு. ஸ்லீவையும் காயில் ஸ்டாப்பையும் (கம்பிச்சுருளின் முனையில் பிளன்ஜரைத் தடுத்து நிறுத்தும் துண்டு) மாற்றுங்கள். பிளன்ஜர் முனை காளானாக விரிந்திருந்தால் அரத்தால் சீர்செய்யுங்கள். ஃபிளிப்பரை மேலும் கீழும் அசைத்தால் 1/32 அங்குலம், சுமார் 0.8 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புஷ்ஷில் (ஃபிளிப்பர் தண்டு நுழையும் வளையம்) உரசும்.

அதற்குப் பிறகும் மந்தமாக எழுந்தால் இ.ஓ.எஸ். சுவிட்சை (ஃபிளிப்பர் முழுதாக எழுந்ததும் திறக்கும் சுவிட்ச்) பாருங்கள். ஃபிளிப்பர் படுத்திருக்கும்போது அது நன்றாகத் தொட வேண்டும், தொடாவிட்டால் பலம் இருக்காது. முழுதாக எழும்போது திறக்க வேண்டும், திறக்காவிட்டால் பெரிய மின்னோட்டம் நிற்காமல் ஓடிக் கம்பிச்சுருள் கருகிவிடும். இதன் முனை டங்ஸ்டன், அரம் தாங்கும். டார்கெட் (பந்து மோதும் இலக்கு), ரோல்ஓவர் (பந்து மேலே உருளும்போது அழுந்துவது) சுவிட்சுகளில் தங்க முலாம் இருக்கும். அங்கே அரம் வைக்காமல், ஆல்கஹால் நனைத்த விசிட்டிங் கார்டை நடுவில் வைத்து, மெல்ல அழுத்தி இழுத்தால் போதும்.