நீர் தேங்கும் காய்கறி நிலத்திற்கு வடிகால்: தமிழக-கேரள எல்லையோரத் தோட்டக்காரர்களின் அனுபவங்கள்

புளியரையிலிருந்து:

ஆரியங்காவுக் கணவாய்க்கு நேர் கிழக்கே இருக்கும் எங்கள் பகுதியில் ஜூன் மாதம் பிடிக்கும் சாரல் ஆகஸ்டு வரை விடுவதில்லை. மண் சற்றுக் காய்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். நெல் விளைந்துகொண்டிருந்த வயலின் ஒரு பகுதியைக் கத்தரி, வெண்டை, தக்காளிக்காக ஒதுக்கியபோது, வேர் அழுகிச் செடிகள் மஞ்சளாகிச் சாய்வதே முதல் இடையூறாக இருந்தது.

நீர் தேங்குகிறது என்றதும் மண்வெட்டியை எடுப்பதற்கு முன், அந்த நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தடைபடுகிறது என்று பார்த்துவிட வேண்டும் என்பதே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ஓரடி ஆழக் குழி தோண்டி, நீர் நிரப்பி, அது வடிந்தபின் மீண்டும் நிரப்பிப் பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் மண் நன்றாகவே வடிகிறது என்று கொள்ளலாம். எங்கள் குழியில் முதலில் நிரப்பிய நீரே மறுநாள் காலையிலும் அப்படியே நின்றது. ஆண்டுதோறும் தொளி கலக்கி உழுத வயலில் அரையடி, முக்காலடி ஆழத்தில் மண் தட்டுப்போல் இறுகியிருக்கும். நெல்லுக்கு நீரைத் தாங்கி நிறுத்தும் அந்தத் தட்டுதான், காய்கறிச் செடியின் வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் செய்கிறது.

இன்னொரு குழியை மேற்கு வரப்பின் அடியில் தோண்டியபோது, மழை விட்டுச் சில நாட்கள் கழிந்தும் அதில் நீர் ஊறிக்கொண்டே இருந்தது. மேலே இருக்கும் தென்னந்தோப்பில் விழும் மழை மண்ணுக்குள் இறங்கி, வரப்புக்கு அடியில் எங்கள் நிலத்துக்குக் கசிகிறது என்பது அப்போதுதான் விளங்கியது. இத்தகைய கசிவை நிலத்தின் நடுவில் எத்தனை வாய்க்கால் வெட்டினாலும் தடுக்க முடியாது. மேல் வரப்பை ஒட்டி, சரிவுக்குக் குறுக்காக, இறுகிய தட்டுக்கும் கீழே போகும்படி இரண்டடி ஆழத்தில் ஒரு வாய்க்கால் வெட்டினோம். வேறு எதுவும் செய்வதற்கு முன்பே நிலத்தின் பாதி காயத் தொடங்கிவிட்டது.

வெட்டும் வேலையை நீர் வெளியேறும் கடைப்பக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது. நீர் வெளியேற வழியில்லாத வாய்க்கால் நீளமான குட்டையாகத்தான் நிற்கும். எங்கள் நீர் பொது வாய்க்காலுக்குப் போகக் கீழ்வயலைக் கடந்தாக வேண்டியிருந்ததால், அந்த வயல்காரரிடம் முன்கூட்டியே பேசி, அவர் காட்டிய வரப்போரமாகவே கொண்டுபோனோம். நூறடி நீளத்துக்கு ஓரடி இறக்கம் போதுமானது. அதைக் கண்ணால் மதிப்பிடாமல், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீர்க்குழாயை வைத்து அளந்தோம். நடைபாதை குறுக்கிடும் இடத்தில் மட்டும் ஒன்றரை அங்குல ஜல்லியை நிரப்பி, மண் இறங்காதபடி மேலே துணி விரித்து மூடினோம். ஜல்லிக்குப் பதிலாகத் தேங்காய் மட்டையைப் போடச் சொல்வோர் உண்டு. தென்னையைச் சுற்றி மட்டை புதைப்பதே ஈரத்தைப் பிடித்து வைப்பதற்காகத்தான் என்பதால், வடிகாலில் அது பொருந்தாது.

பாத்திகளை நான்கடி அகலத்திலும் ஓரடி உயரத்திலும் அமைத்து, இடையில் ஒன்றரை அடி வாய்க்கால் விட்டிருக்கிறோம். அடியில் இறுகியிருந்த மண் தட்டைக் கடப்பாரையால் உடைத்தது கோடையில்தான். மண்ணைக் கையில் பிடித்து உருட்டி, விரலால் தட்டினால் உதிரும் பதம் வரும்வரை அந்த வேலையில் இறங்காதீர்கள். ஈரமண்ணில் மிதித்து வேலை செய்தால் புதிதாக இன்னொரு தட்டு உருவாகிவிடும். அதன்பின் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதோம். ஈரத்தைத் தாங்கி வளரும் பயிர் அது. எவ்வளவு செய்தும் ஈரம் மாறாத கீழ்மூலையைச் சேம்புக்கு விட்டுவிட்டோம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

புளியரை அண்ணாச்சி சொன்ன குழிச் சோதனையில் எங்கள் பக்கத்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எங்கள் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தின் கிழக்கே பல இடங்களில் இருப்பது கரிசல் மண். கோடையில் வெடித்துக் கிடக்கும்போது குழியில் ஊற்றும் நீர் வெடிப்புகள் வழியே உடனே மறைந்துவிடுவதால், மண் நன்றாக வடிகிறது என்று தோன்றும். நனைந்து உப்பி வெடிப்புகள் மூடியபின் அதே மண்ணில் நீர் இறங்கவே இறங்காது. ஆகவே நல்ல மழைக்குப் பிறகு சோதிப்பதுதான் சரி. இங்கே தடையாக இருப்பது அடியில் உள்ள தட்டன்று, மண்ணே தடையாக இருக்கிறது என்பதால், நீரை மண்ணுக்குள் இறக்குவதை விட்டுவிட்டு மேலாக ஓடவிடுவதே வழி. பாத்தியின் நடுப்பகுதியைச் சற்று உயர்த்தி இருபுறமும் சரியவிடுகிறேன். வாய்க்கால்களை மூடாமல் திறந்தே வைத்திருக்கிறேன். களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கலந்தால் இளகும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். சிறிதளவு மணல் களியோடு சேர்ந்து இன்னும் இறுகும். மட்கிய தொழுவுரம்தான் மண்ணைப் பொலபொலப்பாக்குகிறது. ஜிப்சம் இடுவது, மண் பரிசோதனையில் களர்த்தன்மை (சோடியம் மிகுதி) தெரிந்தால் மட்டுமே பயன் தரும்.

களியக்காவிளையிலிருந்து:

வடிகால் சீரான பிறகும் கத்தரியும் தக்காளியும் பச்சையாகவே வாடினால், தண்டின் அடிப்பகுதியை அறுத்து, தெளிந்த நீருள்ள கண்ணாடித் தம்ளரில் வெட்டுமுனை நனையும்படி தொங்கவிட்டுப் பாருங்கள். வெண்மையான இழை புகைபோல் இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். இந்நோய் வாய்க்கால் நீரோடு கீழ்ப்பாத்திகளுக்குப் பரவக்கூடியது. எனவே நோயுற்ற செடியை வேரோடு அகற்றுவதுடன், அந்தப் பாத்தியின் நீர் மற்றப் பாத்திகளைத் தொடாமல் நேராக வெளியேறும்படி வாய்க்காலைத் திருப்பிவிட வேண்டும். கேரள வேளாண் பல்கலைக்கழகம் இந்நோயைத் தாங்கும் இரகங்களை வெளியிட்டிருக்கிறது. கத்தரியில் சூர்யா, தக்காளியில் சக்தி, மிளகாயில் உஜ்வலா ஆகியவை அவற்றுள் சில. எங்கள் தோட்டத்தில் கீழ்ப்பாத்திகளுக்கு இவற்றையே நடுகிறோம்.