மறு: ‘சப்ளைம்’ – உன்னதமா, மருட்கையா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். பேருருவும் பேராற்றலும் கண்டு அச்சமும் வியப்பும் கலந்து எழும் உணர்வை அழகியலில் ‘சப்ளைம்’ (sublime) என்கிறார்கள்; அதற்கு எந்தத் தமிழ்ச்சொல் பொருந்தும் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> ‘உன்னதம்’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே, இன்னொரு சொல் எதற்கு?

இருக்கிறது ஐயா. ஆனால் உன்னதத் தலைவர், உன்னத நட்பு என்று எழுதித் தேய்ந்த அந்தச் சொல்லில் அச்சத்துக்கு இடமில்லை. சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் 1757-இல் இக்கருத்தை விளக்கியபோது அச்சத்தைத்தான் அடித்தளமாக வைத்தார். ஆபத்து நம்மை எட்டாத தொலைவில் இருந்தால் அதே அச்சம் இன்பமாகிறது என்பது அவர் வாதம். ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் 1818 வாக்கில் தீட்டிய ஓவியத்தைப் பாருங்கள். மூடுபனிக்கு மேலே, பாறை உச்சியில், நமக்கு முதுகைக் காட்டி ஒருவர் நிற்கிறார். கையில் ஊன்றுகோல். எதிரே பனியைக் கிழித்துக்கொண்டு பாறை முகடுகள் தலைகாட்டுகின்றன, அடிவாரம் தெரியவில்லை. இதை ‘உன்னதக் காட்சி’ என்றால் அவர் காலடியில் இருக்கும் பள்ளம் காணாமல் போய்விடும்.

என் பரிந்துரை ‘மருட்கை’. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் (உடலில் வெளிப்படும் உணர்வுகளில்) ஒன்று; புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கின்வழிப் பிறப்பது. பர்க்கும் பேருருவைப் பேசிய கையோடு, மிக மிகச் சிறியதும் ஓரளவு இதே உணர்வைத் தரும் என்கிறார். பெருமையும் சிறுமையும் இரண்டு பேரிடமும்!

> தொல்காப்பியத்தில் அச்சம் தனி மெய்ப்பாடு ஆயிற்றே?

நியாயமான கேள்வி. ஆனால் மான் மருண்டது, மருண்ட பார்வை என்னும்போது திகைப்பும் அச்சமும் ஒன்றாகத்தானே வருகின்றன? அந்தக் கலப்புதான் நமக்கு வேண்டும்.

அதற்காக மலை வரைந்த இடமெல்லாம் மருட்கை என்று எழுதிவிட வேண்டாம். 1808-இல் ஃப்ரீட்ரிக் முடித்த மலைச்சிலுவை ஓவியத்தில் பாறை அசையாத விசுவாசத்தையும், என்றும் பசுமையான ஊசியிலை மரங்கள் நம்பிக்கையையும் குறிக்கின்றன. விளக்கம் அவரே தந்தது. அது ‘குறியீட்டு மலை’. மருட்கையும் குறியீடும் ஒரே மலையில் கலப்பதும் உண்டு. 1824–25-இல் அவர் வாட்ஸ்மன் சிகரத்தைத் தீட்டினார், ஆல்ப்ஸுக்குப் போகாமலே! சிகரம் மாணவர் ஒருவரின் படத்திலிருந்து எடுத்தது, முன்னால் உள்ள பாறை ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில் அவரே வரைந்து வைத்திருந்தது. இப்படி ஒட்டிச் சேர்த்த மலையை இடக்காட்சி (ஓர் இடத்தை உள்ளபடி காட்டும் படம்) என்று வகைப்படுத்த முடியாது.

கலைச்சொல் பதிவில் ‘மருட்கை (அழகியல்)’ என்று துறையையும் குறித்துவிடலாம். ‘மருட்சி’ வேண்டாம், அதை உளவியலார் பொய்நம்பிக்கைக்கு எடுத்துக்கொண்டார்கள்.