மாடல் டி ஜெனரேட்டர்: ரீவைண்டிங் முடிந்தபின் எத்தனை மணி நேரம் ஓட்டிப் பார்ப்பது?

ஆறுவோல்ட்:
1920களின் ஃபோர்டு மாடல் டி, 6 வோல்ட், மூன்று பிரஷ் ஜெனரேட்டர். ஆர்மேச்சர் (சுற்றும் காயில் பகுதி) புதிதாகக் கட்டி, கம்யூட்டேட்டரை (பிரஷ்கள் உரசும் செம்புப் பட்டைகள்) கடைசல் பிடித்து, பட்டைகளுக்கு நடுவே உள்ள மைக்காவும் வெட்டியாயிற்று. வண்டியில் ஏற்றுமுன் பெஞ்சில் 8 மணி நேரம் விடாமல் ஓட்டினால் போதுமா? என்ன வேகம், எவ்வளவு லோடு?

காயில்கட்டு:
விடாமல் ஓட்ட வேண்டாம் சார். சூடேறி ஆறும்போதுதான் இன்சுலேஷனின் பலவீனம் தெரியும்.

முதலில் மோட்டாராக ஓட்டுங்கள். பாட்டரியின் பிளஸ் ஜெனரேட்டர் டெர்மினலுக்கு, மைனஸ் ஜெனரேட்டர் பாடிக்கு. சுமார் 5 ஆம்பியர் இழுத்து, மெதுவாக, சீராகச் சுற்ற வேண்டும். போலாரிட்டியும் இதிலேயே சரியாகிவிடும். திக்கித் திக்கிச் சுற்றினால் ஆர்மேச்சரைக் கழற்றி குரோலரில் (ஷார்ட் கண்டுபிடிக்கும் மின்காந்தக் கருவி) வையுங்கள். ஷார்ட் உள்ள காடிக்கு மேல் ஹாக்ஸா பிளேடு அதிரும்.

அடுத்து பெல்ட் போட்டு ஓட்டுவது. வண்டியில் இது என்ஜினைவிட ஒன்றரை மடங்கு வேகமாகச் சுற்றும். என்ஜின் நிமிடத்துக்கு 1000 சுற்று என்றால் இது 1500. அந்த வேகத்தில் ஒரு மணி நேரம், பாட்டரியும் ஹெட்லைட் பல்புகளும் லோடு. முழுக்க ஆறவிட்டு மறுபடி. இப்படி நாலைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் நிறுத்தியதும், சூடு ஆறுமுன் பிரஷ்களைத் தூக்கிவிட்டு, கம்யூட்டேட்டருக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் வையுங்கள். குளிர்ந்த நிலையில் ஒளிந்திருக்கும் எர்த் (காயில் ஷாஃப்ட்டைத் தொடும் கோளாறு) சூட்டில் வெளியே வரும்.

மூணாம்பிரஷ்:
மேலே சொன்னதில் பாட்டரிதான் உயிர்நாடி. இதில் ரெகுலேட்டர் கிடையாது. பாட்டரி கழன்ற நிலையில் சுற்றினால் வோல்டேஜ் எகிறும், அதே வோல்டேஜ் ஃபீல்டு காயிலுக்கும் (காந்தப்புலம் உண்டாக்கும் காயில்) போய் அது கருகும். பாட்டரி இல்லாமல் ஓட்டியே ஆகவேண்டும் என்றால் ஜெனரேட்டர் டெர்மினலை பாடியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

ஓட ஓட ஆம்பியர் இறங்கும், பயப்படாதீர்கள். ஃபீல்டு காயில் சூடாகி ரெசிஸ்டன்ஸ் ஏறுவதால் வருவது. அதனால் சார்ஜ் அளவைத் தீர்மானிக்கும் மூன்றாம் பிரஷைச் சூடான பிறகே செட் செய்யுங்கள். சுற்றும் திசையில் நகர்த்தினால் சார்ஜ் கூடும். பகலில் மட்டும் ஓடும் வண்டிக்கு 5, 6 ஆம்பியர் தாராளம். அதிகம் வைத்தால் கம்யூட்டேட்டர் பற்றவைப்பு இளகி, வெள்ளித் துளிகளாகக் கவசத்தின் உள்சுவரில் தெறித்திருக்கும். சாதாரண 60/40 ஈயம் 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும்.

ஆறுவோல்ட்:
நன்றி. கட்-அவுட்டையும் (ஜெனரேட்டர் நின்றால் பாட்டரியைத் துண்டிக்கும் ரிலே) சேர்த்தே சோதிக்கலாமா?

காயில்கட்டு:
சேர்த்தேதான். வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பல தடவை மூடித் திறக்க விடுங்கள். ஜெனரேட்டர் நிற்கும்போது அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் லேசாகப் போய் உடனே பூஜ்யத்துக்கு வர வேண்டும். மைனஸிலேயே நின்றால் பாயிண்ட் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். உடனே ஒயரைப் பிடுங்குங்கள், இல்லாவிட்டால் நின்றுபோன ஆர்மேச்சர் வழியாகப் பாட்டரி முழுதும் பாயும்.

மூணாம்பிரஷ்:
பெஞ்சில் பாஸான ஜெனரேட்டர் வண்டியில் படுத்துவிடுவதற்கு முக்கியக் காரணம் எண்ணெய். டைமிங் கியர் பெட்டியிலிருந்து முன் பேரிங் வழியாகக் கசிந்து, கார்பன் தூளோடு குழைந்து, மைக்கா வெட்டிய பள்ளங்களை அடைக்கும். பெஞ்சில் அந்த எண்ணெயே இல்லையே! முன்பக்கம் சீல் வைத்த பேரிங் போடுங்கள், பொருத்தி சில நாள் ஓட்டியதும் ஒருமுறை திறந்து கம்யூட்டேட்டரைப் பாருங்கள்.