செல்லாரில் ஓதமும் குளிரும்: அவரவர் அனுபவம்

ஓசூரிலிருந்து:

சரிவான மனை என்பதால் எங்கள் செல்லாரின் (வீட்டுக்கு அடியிலுள்ள நிலவறை) பின்சுவர் முழுக்க மண்ணுக்குள் இருக்கிறது. மூட்டை, பழைய பீரோ போட்டு வைக்கத்தான் அப்பா கட்டினார். வீட்டிலிருந்தே வேலை என்றானதும் அதை ஆபீஸ் அறையாக்கப் பார்த்தேன். சித்திரை வெயிலில் மாடி கொதிக்கும்போதும் கீழே சில்லென்று இருக்கும். மழைக்காலம் வந்தால்தான் வினை. சுவரில் உப்புப் பூத்து பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிரும், பீரோவுக்குப் பின்னால் கரும்பூஞ்சை.

வந்து பார்த்த கான்ட்ராக்டர், தெர்மோகோல் ஒட்டி ஜிப்சம் போர்டு அடித்துவிடலாம் என்றார். ஓதம் கண்ணில் படாமல் இருக்க நல்ல வழிதான்! தெருவிலுள்ள பழைய மேஸ்திரி வேறு மாதிரி சொன்னார்: "முதல்ல தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாருங்க சார்." இரண்டடிச் சதுரத்தில் பாலித்தீன் தாளை வெட்டி, நாலு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டினார். தாளின் அறைப்பக்கம் நனைந்தால் காற்றிலுள்ள ஈரம். சுவர்ப்பக்கம் நனைந்தால் மண்ணிலிருந்து ஊறுகிறது. எங்களுக்குச் சுவர்ப்பக்கம்தான் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. மொட்டைமாடிக் குழாய் அந்தச் சுவரோரமே கொட்டிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பிவிட்டு, வெளிப்பக்கம் தோண்டி வாட்டர்ப்ரூஃப் பூச்சு கொடுத்து, ஜல்லி போட்டு மூடினோம். இப்போது சுவர் காய்ந்திருக்கிறது. மழை நாளில் மட்டும் ஜன்னலைத் திறப்பதில்லை. வெளி ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டால் சுவர் வியர்த்துவிடும்.

மிச்சிகனிலிருந்து, சொந்த ஊர் காரிமங்கலம்:

எங்களுக்குக் குளிர்தான் எதிரி. இங்கே பேஸ்மென்ட்டின் காங்கிரீட் சுவர்மேல் மரச்சட்ட வீடு உட்கார்ந்திருக்கும். அந்தச் சேர்மானத்தில்தான் காற்று அதிகம் புகும். பனிக்காலத்தில் வீட்டின் சூடான காற்று மேலேறி வெளியேற, அந்த இடத்துக்குக் கீழிருந்து குளிர்காற்று இழுபடும். அம்மா கொடுத்தனுப்பிய ஊதுபத்தியைக் கொளுத்தி ஓரம் ஓரமாகக் காட்டினேன். புகை ஆடிய இடங்களில் ஃபோம் போர்டு வெட்டி வைத்து, சுற்றிலும் ஸ்பிரே ஃபோம் அடித்தேன். கண்ணாடிப் பஞ்சை நேராகக் காங்கிரீட்டில் ஒட்டிவைக்காதீர்கள், ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். பேஸ்மென்ட்டில் கேஸ் ஹீட்டர் இருந்தால், அடைத்து முடித்ததும் அதன் புகை ஒழுங்காக வெளியே போகிறதா என்று ஆளை வைத்துப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம்.

பாலக்கோடு பக்கமிருந்து:

எங்களிடம் செல்லார் இல்லை, பட்டுப்புழு வளர்க்கும் மனை இருக்கிறது. சாக்கிப்புழுவுக்கு (இளம்புழு) 26 முதல் 28 டிகிரி வேண்டும், ஈரப்பதம் 80க்கு மேல். பெரிய புழுவானதும் 24, 25 போதும், ஈரமும் 70 பக்கம் இறங்க வேண்டும். வெக்கைக்காகக் கூரை ஷீட்மேல் தென்னங்கீற்று பரப்பியிருக்கிறோம். ஆனால் மனையை முழுசாக அடைக்க முடியாது. தழையும் எச்சமும் புழுங்கி நோய் வந்துவிடும். புழுவின்மேல் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஊஜி ஈ நுழையாமல் ஜன்னலுக்கு நைலான் வலை, காற்று மட்டும் போய்வரும். படுக்கை நசநசத்தால் சுண்ணாம்புத்தூள் தூவுவோம்.

ஓசூர்க்காரரே, சுவரோரம் தோண்டும்போது பாறை தட்டவில்லையா? எங்கள் பக்கம் நாலடியிலேயே கடப்பாரை ணங்கென்கிறது.