பிள்ளையின் மருந்தும் வாசலில் வந்த விசாரணையும்: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோரின் அனுபவங்கள்

டல்லஸ் அம்மா:
மூன்றாம் வகுப்பு மகனுக்கு ஏடிஹெச்டி (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும்) என்று மீதைல்பெனிடேட் மாத்திரை தொடங்கிய கதையை இங்கே விரிக்கத் தேவையில்லை. அந்த மருந்தால் பசி போவதும் தூக்கம் போவதும் உங்களுக்குத் தெரிந்தவைதான். எடை இறங்கியதால் 2022 கோடையில் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்தினோம், பள்ளி திறந்த பிறகும் தொடங்கவில்லை. செப்டம்பரில் ஒரு மாலை சிபிஎஸ் எனப்படும் குழந்தைப் பாதுகாப்புத் துறையின் அதிகாரி கதவைத் தட்டினார். மருத்துவப் புறக்கணிப்பு என்று புகாராம். கொடுத்தவர் யார் என்று சொல்ல மாட்டார்கள்.

மாத்திரைக் குப்பியைக் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில், பாதி தின்ற தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் அதைக் கவிழ்த்து, பேனா முனையால் இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணினார். அருகில் நின்ற மகனும் வாய்க்குள்ளேயே தமிழில் எண்ணினான். இருபத்தாறில் முடிந்தபோது, "அம்மா, சரியான விடையா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அவர் நீட்டிய தாளில், மருத்துவக் குறிப்புகளைப் பெற அனுமதி தரும் தாள் என்பதைக்கூடப் படிக்காமல் கையெழுத்திட்டேன். புகாருக்கு ஆதாரமில்லை என்று கடிதம் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கையெழுத்து இன்னும் உறுத்துகிறது.

ஹூஸ்டன்காரர்:
நீங்கள் கதவைத் திறந்ததே தவறு. என் வீட்டுக்கும் வந்தார்கள். வழக்கறிஞர் இல்லாமல் பேசுவதில்லை என்று வாசலிலேயே சொன்னேன், போய்விட்டார்கள். எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: நீதிமன்ற ஆணையோ, பிள்ளைக்கு உடனடி ஆபத்து என்ற நிலையோ இல்லாதபோது உங்கள் சம்மதமின்றி அவர்கள் உள்ளே வர முடியாது. டல்லஸும் ஹூஸ்டனும் இருக்கும் டெக்சஸில் 2023 செப்டம்பர் முதல், வீட்டுக்குள் விட மறுக்கலாம், வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம், உரையாடலைப் பதிவு செய்யலாம் என்பதையெல்லாம் விசாரணை தொடங்கும்போதே வாய்மொழியாகவும் எழுத்திலும் சொல்லியாக வேண்டும். மனநல மருந்தைக் கொடுக்க மறுப்பது மட்டுமே புறக்கணிப்பு ஆகாது என்றும் மாநிலக் குடும்பச் சட்டத்தில் இருக்கிறது. மறுப்பால் பிள்ளையின் உயிருக்கோ உடலுக்கோ கணிசமான ஆபத்து இருந்தாலோ, வளர்ச்சியும் செயல்பாடும் கண்கூடாகப் பாதிக்கப்பட்டிருந்தாலோ மட்டும் கதை வேறு. ஆகவே நிறுத்தும் முன் மருத்துவரிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

நியூ ஜெர்சி அப்பா:
வாசலில் நின்று சட்டம் பேசுவதற்கு முதலில் நாம் வீட்டில் இருக்க வேண்டுமே! நாங்கள் இருவரும் அலுவலகத்தில், வீட்டில் ஊரிலிருந்து வந்த என் தாயாரும் ஒன்பது வயது மகளும். "பிள்ளைக்கு மருந்து கொடுக்கிறீர்களா?" என்று வந்த அதிகாரி கேட்டதை மகளே தமிழாக்கினாள். தாயார் சுக்குக் கஷாயத்தை நினைத்துக்கொண்டு, தினமும் மூன்று வேளை என்று பதில் சொல்ல, அதையும் அவளே ஆங்கிலமாக்கினாள். ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை என்று எழுதியிருந்த மருந்தை மூன்று வேளை கொடுப்பதாகக் கோப்பில் ஏறிவிட்டது. அதை நேராக்க மூன்று வாரம் ஆயிற்று. கூட்டரசுப் பணம் பெறும் துறைகள் மொழி உதவி அளிக்க வேண்டும் என்பது 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவிலிருந்து வரும் கடமை. உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம் என்று தாயாருக்கு யார் சொல்வது?

மிச்சிகன் வாசகி:
எனக்கு விசாரணை வரவில்லை. பள்ளிக் கூட்டத்தில், மருந்து தொடங்கினால்தான் சிறப்புக் கல்விக்கான மதிப்பீடு என்றார்கள். 2004-ல் திருத்திய கூட்டரசுச் சிறப்புக் கல்விச் சட்டம் அதைத் தடுக்கிறது என்று தெரிந்துகொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போனேன். ஆசிரியர் வகுப்பில் கண்டதைச் சொல்லலாம், மருந்தை நிபந்தனையாக்கக் கூடாது. ஆனால் அந்தத் தடை, தவறாகப் பயன்படக்கூடும் என்று அரசு கட்டுப்படுத்தும் மருந்துகளுக்கு மட்டுமே. மீதைல்பெனிடேட் அதில் அடங்கும், எங்களுக்குச் சொன்ன அட்டமாக்ஸிடின் அடங்காது. எதிரே இருந்தவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

டல்லஸ் அம்மா:
ஹூஸ்டன்காரருக்கு: நீங்கள் சொல்லும் 2023 சட்டம் அன்று வந்திருக்கவில்லை. ஏன் திறந்தேன் என்று கேட்டால், அன்று நல்ல மழை, அவரிடம் குடை இல்லை. துடைத்துக்கொள்ளத் துண்டும் நான்தான் கொடுத்தேன்.