மறு: சாரோஸ் – சுழற்சியா, தொடரா, கொடிவழியா?

அன்பு நண்பர்களே,

கிரகணங்கள் திரும்பவரும் கால அளவான ‘சாரோஸ்’ என்பதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில்.

> ‘கிரகணச் சுழற்சி’ என்று வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் எந்தச் சுழற்சி? ஒரு கிரகணத்தைப் போலவே இன்னொன்று வர ஆகும் 18 ஆண்டு 11 நாள் 8 மணி நேரம்தான் சாரோஸ். கிரகணங்களுக்கு இடையிலான இன்னொரு கால அளவு, 29 ஆண்டுக்கு 20 நாள் குறைவானது, இனெக்ஸ். பொதுப்பெயரை ஒன்றுக்கே எழுதிக் கொடுத்துவிட்டால் மற்றதற்கு எங்கே போவது? கால அளவுக்கு ‘சாரோஸ்’ இருந்துவிட்டுப் போகட்டும். (‘ஸ்’ ஆகாதவர்கள் சாரோசு என்று எழுதுங்கள், சண்டை வேண்டாம்.) பாபிலோனியர் வைத்த பெயர் என்ற பெருமையும் அதற்குக் கிடையாது. அவர்களுக்கு ‘சார்’ என்றால் 3600. கிரகணத்தோடு அதை ஒட்டவைத்தவர் வானியலாளர் எட்மண்ட் ஹாலி, 1691இல்.

தமிழ்ச்சொல் தேவைப்படுவது இன்னோர் இடத்தில்: ஒரு சாரோஸ் இடைவெளிவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக வரும் கிரகணங்களின் கூட்டத்துக்கு. ‘தொடர்’ என்று சிலர் எழுதுகிறோம். 2026 ஆகஸ்ட் 12இல் வட ஸ்பெயினில் முழுச் சூரிய கிரகணம், 2027 ஆகஸ்ட் 2இல் தென் ஸ்பெயினில் இன்னொன்று. தொடர் என்றதும் படிப்பவர் இந்த இரண்டையும்தான் முடிச்சுப் போடுவார். இந்தக் கூட்டங்களுக்கு வானியலார் எண் கொடுத்திருக்கிறார்கள்: முன்னது 126ஆம் சாரோஸ் கூட்டம், பின்னது 136ஆம் கூட்டம். ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

2027இன் சொந்தங்கள் வேறு. 2009 ஜூலை 22இல் சூரத், வாரணாசி, பாட்னாவை இருட்டாக்கியது. 1991இல் ஹவாயும் மெக்சிகோவும், 1973இல் ஆப்பிரிக்கா, 1955 ஜூன் 20இல் இலங்கை. இன்னும் பின்னால் போனால் 1919. ஐன்ஸ்டைனின் கோட்பாட்டைச் சோதிக்க வானியலாளர் எடிங்டன் ஆப்பிரிக்காவை ஒட்டிய பிரின்சிப் தீவில் விண்மீன் ஒளியின் வளைவை அளந்த அதே கிரகணம். 1360இல் தென்துருவப் பக்கம் வெறும் பகுதிக் கிரகணமாகப் பிறந்த வம்சம் இது. மெல்ல வடக்கே ஏறி, மொத்தம் 71 கிரகணங்களோடு 2622இல் முடியும். 1955இல் முழுமறைப்பு 7 நிமிடம் 8 நொடி. அதன்பின் ஒவ்வொன்றாகக் குறைந்து, 2027இல் எகிப்தின் லக்சர் அருகே 6 நிமிடம் 23 நொடி. பிறப்பு, உச்சம், தேய்வு எல்லாம் உள்ள ஒன்றைத் ‘தொடர்’ என்பதற்கு மனம் வரவில்லை. ‘கொடிவழி’ என்போம்: 136ஆம் கொடிவழி.

> பரம்பரை போதாதா?

‘பரம்பரைக் கிரகணம்’ என்று எழுதிப் பாருங்கள், பரிகாரம் கேட்டு ஆள் வந்துவிடும்.

அப்புறம் அந்த 8 மணி நேரம். அதற்குள் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடுவதால் அடுத்த கிரகணம் ஏறத்தாழ 120 பாகை மேற்கே தள்ளி விழும். மூன்று சாரோஸ் கழிந்தால், அதாவது 54 ஆண்டும் ஒரு மாதமும் ஆனால், பழைய நெட்டாங்குக்கு (தீர்க்கரேகைக்கு) பக்கத்தில் திரும்பும். 1955 இலங்கைக்கு 2009 வட இந்தியா, 1973 ஆப்பிரிக்காவுக்கு 2027 வட ஆப்பிரிக்கா. இதற்குக் கிரேக்கத்தில் எக்செலிக்மோஸ் என்று பெயர். நமக்கு ‘முச்சாரோஸ்’ போதும்.

இனெக்ஸுக்கு என்னிடம் சொல் இல்லை. யாராவது முன்மொழியுங்கள்.